டெங்கு ஆய்வு: ஒரு முத்திரையும் ஒரு பெட்டி டிரை ஐஸும்

டெங்கு நோயாளிகளின் எதிர்ப்பாற்றல் பற்றிய எங்கள் ஆய்வுக்கு நிதி கிடைத்ததில் சிக்கல் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியின் உறுப்பினர்களும் நியாயமான கேள்விகளைத்தான் கேட்டார்கள். படுத்தி எடுத்தது கமிட்டியின் அலுவலகம்.

அனுமதிக் கடிதத்தில், நோயாளிகள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் ஆங்கில வடிவத்துக்கு உரிய பதிப்பு எண்ணும் தேதியும் இருந்தன. தமிழ்ப் படிவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முத்திரையும் ஆங்கிலப் படிவத்தில் மட்டும்தான். தமிழ்ப் படிவம், அதை மறுபடி ஆங்கிலமாக்கிய பிரதி, மொழிபெயர்ப்புச் சான்று எல்லாவற்றையும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருந்தேன். அதைக் காட்டினால், "செயலர் கையெழுத்துப் போட்டுவிட்டார், அடுத்த கூட்டத்தில் வையுங்கள்" என்கிறார் எழுத்தர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. வார்டுக்கு வந்த காய்ச்சல்காரர்கள் குணமாகி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கமிட்டி ஏற்காத படிவத்தில் கையெழுத்து வாங்கி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலும் விதிமீறல். கடைசியில் செயலரையே போய்ப் பார்த்தேன். "இதற்கெல்லாம் கூட்டம் எதற்கு?" என்று அங்கேயே திருத்தக் கடிதம் கொடுத்தார்! கடிதம் கைக்கு வந்ததும், எல்லா மொழிப் படிவங்களின் எண்ணும் தேதியும் அதில் இருக்கின்றனவா என்று அலுவலக வாசலிலேயே சரிபாருங்கள்.

அடுத்த தலைவலி இரண்டாம் மாதிரி. டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒரு வகைக்கு எதிராக உண்டான ஆன்டிபாடி (உடலின் எதிர்ப்புப் புரதம்), பின்னாளில் வேறொரு வகை தொற்றும்போது நோயைத் தீவிரமாக்கவும் கூடும். ஆன்டிபாடி எவ்வளவு ஏறியது என்று அறிய, காய்ச்சலின்போது ஒருமுறையும் தேறிய பிறகு ஒருமுறையும் ரத்தம் வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டால், "எனக்குத்தான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கம்மா ரத்தம்?" என்பார்கள். கேள்வியில் தவறில்லை. பஸ் கட்டணத்தையும் இழந்த நாள் கூலியையும் முன்பே பட்ஜெட்டில் சேர்த்துக் கமிட்டியின் ஒப்புதல் பெற்றிருந்ததால்தான் பலர் வந்தார்கள். நோயாளி சம்மதித்தால் வீட்டில் இன்னொருவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பியபோதுதான் வயிறு எரிந்தது. மூன்றடுக்குப் பொதி, நோயாளி மாதிரிகளுக்கான யு.என். 3373 ஒட்டுவில்லை, டிரை ஐஸுக்கான (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) யு.என். 1845 ஒட்டுவில்லை, ஐஸின் எடை எல்லாம் பெட்டியில் சரியாக இருந்தன. கூரியர் ஊழியர் விமானச் சரக்குச் சீட்டில் எடையை மாற்றி எழுதியிருக்கிறார். எடை ஒத்துப்போகாததால் விமானத்தில் ஏற்றவில்லை. வார இறுதி முழுவதும் பெட்டி கிடங்கில் கிடந்தது. டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தபோது ஒரு துண்டு ஐஸ்கூட இல்லை. ஆன்டிபாடி ஓரளவு தாக்குப்பிடிக்கும், வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. அப்படியில்லை. எந்த வகை வைரஸ் என்று கண்டறிய அதுதானே வேண்டும்?

நல்லவேளை, ஒவ்வொரு மாதிரியையும் சிறு குழாய்களில் பிரித்துப் பாதியை எங்கள் மைனஸ் 80 ஃப்ரீசரிலேயே வைத்திருந்தோம். அவற்றை வேறொரு கூரியரில் திங்கட்கிழமை காலையில் அனுப்பினோம். கல்லாக உறைந்த நிலையிலேயே போய்ச் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை எதையும் அனுப்பாதீர்கள். விமானச் சரக்குச் சீட்டின் நகலை வாங்கிப் படிக்காமல் பெட்டியைக் கையைவிட்டு விடாதீர்கள்.

முதல் கூரியர் நிறுவனம் முழுக் கட்டணத்துக்கும் ரசீது அனுப்பியிருக்கிறது. எங்கள் கணக்குப் பிரிவு அதை இதுவரை தொடவில்லை, நானும் நினைவூட்டவில்லை.