ஜட்ஜ் ஆற்ற ஆள்?

எங்கட யாழ்ப்பாணக் கோட்டுக்கு வழக்குத் தவணைக்கு வாற சனம் புது ஜட்ஜ் எண்டா முதல் கேக்கிறது இதைத்தான். எனக்கு உடன ஞாபகம் வாறது அமெரிக்காவில சமஷ்டி நீதிபதியா இருந்த கொன்ஸ்டன்ஸ் பேக்கர் மொட்லி. 1966ல ஜனாதிபதி ஜோன்சன் நியூயோர்க்கில இருக்கிற சமஷ்டி கோட்டுக்கு அவாவை நியமிச்சவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவாதான். சாட்சியளை நேர கூப்பிட்டு விசாரிக்கிற கோடு அது.

தாய் தேப்பன் நெவிஸ் தீவில இருந்து வந்தவை, படிக்கக் காசில்ல, நியூ ஹேவன்ல ஒரு கூட்டத்தில இந்தப் பிள்ளை எழும்பிக் கதைச்சதைக் கேட்ட பிளேக்ஸ்லி எண்ட பணக்காரர்தான் படிப்புச் செலவைப் பொறுப்பெடுத்தவர். 1946ல கொலம்பியாவில சட்டம் முடிச்சு, பிறகு இருபது வருசமா நிறபேதத்துக்கு எதிரா வழக்குப் பேசினவா. 1962ல கறுப்பின மாணவன் ஜேம்ஸ் மெரடித்தை, வெள்ளையர் மட்டும் படிச்ச மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள்ள வழக்காடிச் சேர்ப்பிச்சது இவாதான், அதே மிசிசிப்பி செனட்டர் ஈஸ்ட்லண்ட்தான் பிறகு இவாட நியமனத்தை மாசக்கணக்கா இழுத்தடிச்சவர்!

1975ல ஒரு பெரிய சட்ட நிறுவனம் பொம்பிளையளுக்கு வேலை குடுக்கிறதில பாகுபாடு காட்டுது எண்டு வந்த வழக்கு இவாட்டப் போச்சு. நிறுவனத்து ஆக்கள் நீங்கள் கறுப்பினப் பெண், முந்தி இப்பிடி வழக்குகள் பேசின ஆள், அதால விலகுங்கோ எண்டு கேட்டினம். அவா விலகேல்ல. பின்னணியோ பாலோ இனமோ காரணமெண்டா இந்தக் கோட்டில இருக்கிற ஒரு நீதிபதியும் இந்த வழக்கைக் கேக்க ஏலாது எண்டு எழுதிப்போட்டா. சரியான கதைதானே, வெள்ளை ஆம்பிளை நீதிபதிக்கும் ஒரு இனமும் பாலும் இருக்கு, ஆனா அவரிட்ட ஆரும் அதைக் கேக்கிறேல்ல.

எங்கட சனம் ஜட்ஜின்ர இனத்தைப் பார்த்துப் பயப்பிடுறதுக்குக் காரணம் இல்லாமல் இல்ல, நான் அதை மறுக்கேல்ல, பட்டது கொஞ்சமில்ல. ஆனாலும் ஊர், சாதி, சமயம் எல்லாம் விசாரிக்கிற நாங்கள் தீர்ப்பில என்ன காரணம் எழுதியிருக்கு எண்டு வாசிக்கிறது குறைவு, அதுதான் எனக்குக் கவலை.

எங்கட மேல் நீதிமன்ற நீதிபதிக்கு 61 வயசில ஓய்வு, அமெரிக்காவில சமஷ்டி நீதிபதிக்கு ஆயுளுக்கும் பதவி, மொட்லி 2005ல சாகுமட்டும் நீதிபதிதான். சட்டம் படிக்கிற தங்கச்சிமார் விலக மறுத்து அவா எழுதின அந்த 1975 கட்டளையைத் தேடி வாசியுங்கோ, இணையத்தில கிடக்கு.