கன்னு பெருசு, மாடு சின்னது

கோயம்புத்தூர்ல ஒரு டிங்கரிங் பெயிண்டிங் பட்டறைல ஹெல்பரா சேந்து ரெண்டு வருஷம் கழிச்சுதான் சொந்தமா ஒரு ஸ்ப்ரே கன் வாங்கணும்னு ஆசை வந்துச்சு. அதுவரைக்கும் என் வேலைன்னா பட்டி தேய்க்கிறது, வாட்டர் பேப்பர் போடுறது, மாஸ்கிங் ஒட்டுறது, சாயங்காலம் ஆனா பெயிண்டர் அண்ணனோட கன்ன தின்னர்ல கழுவி வைக்கிறது, அவ்ளோதான். அந்த கன்ன கையில புடிக்கலாம், ட்ரிக்கர் அமுக்கக் கூடாது.

முழு கார் அடிக்கணும்னெல்லாம் எனக்கு அப்ப எண்ணம் இல்ல. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல சைடு மிரர் கவர், கதவு கைப்பிடி, கிரில், வெயில்ல வெளுத்துப்போன பம்பர் ஓரம், இந்த மாதிரி பிளாஸ்டிக் ஐட்டம் மட்டும் அடிச்சு குடுத்தா கைச்செலவுக்கு ஆகும்னு ஒரு கணக்கு. ஒரு எச்.பி. கம்ப்ரஸர், 45 லிட்டர் டேங்கு, பழசு ஒண்ணு ஏற்கனவே வாங்கி வச்சிருந்தேன். கன் மட்டும்தான் பாக்கி. ராத்திரி பூரா வீடியோ பாத்து பாத்து, பெயிண்ட் கம்மியா வீணாகும், புகை கம்மியா வரும்னு சொன்னாங்கன்னு எச்.வி.எல்.பி.ங்கிற வகைல ஒரு கன் ஆர்டர் போட்டேன். பெயிண்ட் வெளிய வர்ற மூக்கு 1.4 மி.மீ. நாசில், பெயிண்ட் ஊத்துற கப் கன்னுக்கு மேல, 600 மில்லி, பாக்ஸ தொறந்ததும் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அன்னைக்கு தலைமாட்டுல வச்சுட்டுத்தான் தூங்குனேன், சிரிக்காதீங்க.

முதல் வேலை பக்கத்து வீட்டுக்காரரோட மிரர் கவர், சில்வர் மெட்டாலிக். முதல் ரெண்டு பாஸ், அதாவது இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ரெண்டு ஓட்டு, பூ மாதிரி விழுந்துச்சு. மூணாவது பாஸ் பாதியில கம்ப்ரஸர் டடடன்னு ஓட ஆரம்பிச்சுது, கன்னோட சத்தம் மாறிடுச்சு, 'ஸ்ஸ்ஸ்'னு வந்துட்டிருந்தது 'ஃபுர்ர்'னு ஆகி, புகையா வந்த பெயிண்ட் எச்சி துப்புற மாதிரி சொட்டு சொட்டா வந்துச்சு. நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தாம கன்ன இன்னும் கிட்ட கொண்டுபோனேன். காஞ்சதுக்கப்புறம் பாத்தா கவரோட ஒரு பாதி வெளிச்சமா, மறுபாதி இருட்டா ரெண்டு கலரா நிக்குது. மெட்டாலிக்ல இதுதான் தொல்லை, பிரஷர் எறங்குனா துளி பெருசாகி ஈரமா விழும், உள்ள இருக்குற அலுமினியப் பொடி வேற மாதிரி படுக்கும், கலரே மாறிடும்.

மறுநாள் அந்த கவர பையில போட்டு அண்ணன்கிட்ட கொண்டுபோய் காட்டினேன். அவரு கன்ன பத்தி ஒண்ணுமே கேக்கல. "உன்ற கம்ப்ரஸர் எத்தன எச்.பி. கண்ணு?"ன்னாரு. ஒண்ணுங்கண்ணான்னேன். சிரிச்சுட்டாரு. "கன்னு வாங்குனியே, அது குடிக்கிற அளவுக்கு உன்ற மாடு கறக்குமான்னு பாத்தியா?"

அப்புறம்தான் பாக்ஸ்ல இருந்த சீட்ட எடுத்து படிச்சேன். அந்த கன்னுக்கு 12 சி.எஃப்.எம்., அதாவது நிமிஷத்துக்கு 12 கன அடி காத்து வேணும். என் கம்ப்ரஸர் தகட்டுல 6-ன்னு போட்டிருக்கு, அதுவும் பிஸ்டன் தள்ளுற கணக்கு, வெளிய கைக்கு வர்றது நாலு தேறுனா பெருசு. டேங்குல நெறைஞ்சிருக்குற வரைக்கும் நல்லா அடிக்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள வறண்டுபோயிரும். எச்.வி.எல்.பி.ங்கிறதே நெறைய காத்த கம்மி பிரஷர்ல விடுறதுதான், கன் முன்னாடி இருக்குற ஏர் கேப்ல (மூடி) 10 பி.எஸ்.ஐ. பிரஷருக்கு மேல வராது, அதனாலதான் பெயிண்ட் திரும்பித் தெறிக்காம பொருள் மேலயே ஒக்காருது. அந்த 'நெறைய காத்து'ங்கிற வார்த்தைய நான் படிச்சுட்டு தாண்டிப் போயிருக்கேன்.

சின்ன பிளாஸ்டிக் ஐட்டம்தான் அடிக்கப் போறேன்னா மினி கன் வாங்குன்னு அண்ணன் சொன்னாரு. 1.0 நாசில், 125 மில்லி மேல் கப். மூணு நாலு சி.எஃப்.எம்.ல ஓடிரும், பெயிண்ட் விசிறி மாதிரி விரியுறதும் நாலஞ்சு இஞ்ச்தான். பெரிய கன்னுல பத்து இஞ்ச் விரிச்சுட்டு மூணு இஞ்ச் கைப்பிடிய அடிச்சா முக்காவாசி பெயிண்ட் சுவத்துக்குத்தான். கீழ் கப் கன் இன்னும் பல பட்டறைல ஓடுது, குறை சொல்லல, ஆனா கொஞ்சூண்டு பெயிண்ட கலந்து கடைசி சொட்டு வரைக்கும் அடிக்கணும்னா மேல் கப்புதான். ஜப்பான் கன், ஜெர்மன் கன் எல்லாம் பத்தி என்னை கேக்காதீங்க, பழகுறப்ப நாசில்ல குண்டூசிய விட்டு கெடுக்கத்தான் போறோம், நான் கெடுத்தேன். பல்லு குத்துற குச்சி போதும் அதுக்கு.

இன்னொண்ணும் அவருகிட்ட கத்துக்கிட்டேன், ரெகுலேட்டர்ல பிரஷர் வைக்கும்போது ட்ரிக்கர அமுக்கிட்டுத்தான் முள்ள பாக்கணும். சும்மா நிக்கும்போது 30 காட்டும், அமுக்குனா 22-க்கு எறங்கும். நான் அமுக்காமலே செட் பண்ணிட்டு ஆரஞ்ச் பீல், அதான் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா வருதுன்னு தின்னர மேல மேல ஊத்திட்டிருந்தேன், அப்புறம் வழிஞ்சுது. இப்பல்லாம் முதல்ல அட்டையில ஒரு தடவ அடிச்சு பாப்பேன், விசிறி ரெண்டு முனையும் சமமா முட்டை மாதிரி நீளமா விழுந்தாத்தான் ஐட்டத்துக்கிட்டயே போவேன், ஆறேழு இஞ்ச் தள்ளி, பாதிக்குப் பாதி மேல ஏத்தி.

மினி கன் வாங்குனதும் எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல ஆசைதான். முதல்ல அடிச்ச பம்பர் ஓரம் அருமையா வந்துச்சு, மூணாவது வாரம் தண்ணி அடிச்சு கழுவும்போது பாம்புச் சட்ட மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. திரும்பவும் கன்னத்தான் திட்டுனேன், பாவம் அது. பம்பர் பின்னாடி திருப்பிப் பாத்தா பி.பி.-ன்னு முத்திரை போட்டிருக்கு. பாலிபுரொப்பிலீன்ல பெயிண்ட் சும்மா ஒட்டாது, சோப்பு தண்ணில கழுவி, சாம்பல் கலர் ஸ்காட்ச் பிரைட்ல மங்க தேய்ச்சு, பெயிண்ட ஒட்ட வைக்கிற அட்ஹீஷன் புரமோட்டர் ஒரு மெல்லிசு கோட்டு விட்டுத்தான் பேஸ் கலர் அடிக்கணும். கிரில், மிரர் கவர் பாதிக்கு மேல ஏ.பி.எஸ்.ங்கிற பிளாஸ்டிக், அதுல பெயிண்ட் சுலபமா ஒட்டும், ஆனா என்.சி. தின்னர்ல அழுத்தித் துடைச்சா பிளாஸ்டிக்கே வெடிப்பு விட்டுரும். கன்னுக்கு செலவு பண்ண காசுல கால்வாசிய இந்த டப்பாவுக்கு போட்டிருந்தா அந்த பம்பர் ஆளு முகத்துல முழிக்க பயந்திருக்க வேண்டாம்.

மாஸ்க் பத்தி மட்டும் வெளையாட்டு இல்ல. டூ கே கிளியர்னு கலருக்கு மேல பளபளப்புக்கு அடிக்கிறதுல ஹார்டனர் கலந்தா ஐசோசயனேட்னு நுரையீரல கெடுக்குற கெமிக்கல் இருக்கும், கைக்குட்டைய கட்டிட்டு அடிக்கிற ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன், அதுல ரெண்டு பேருக்கு இப்ப மாடி ஏறுனாலே இழுப்பு வருது. அதனால ஷெட்ல நான் டூ கே கலக்குறதே இல்ல, கிளியருக்கு மட்டும் பட்டறைல பெயிண்ட் அடிக்கிற பூத்துக்கு தூக்கிட்டுப் போயிருவேன்.

அந்த பெரிய கன்ன நான் விக்கல. பட்டறைல இருக்குற அஞ்சு எச்.பி. கம்ப்ரஸர்ல மாட்டிப் பாத்தா என்னமா அடிக்குதுங்கறீங்க, முழு பம்பர் ஒரே சீரா, ஒரு கோடு கெடையாது. தீவாளிக்கு முன்னாடி அண்ணன் அத வாங்கிட்டு போனாரு, இன்னும் அவருதான் வச்சிருக்காரு. திருப்பி கேட்டா, "உன்ற மாடு வளரட்டும், அப்ப வந்து ஓட்டிட்டுப் போ"ங்கிறாரு.