ஆட்டைப் பார்த்து வாங்கிய கேமரா

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் புதுவீட்டுக்குக் கிரகப்பிரவேச நாள் குறித்த அன்று, சாப்பாட்டு வேளையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "போட்டோகிராபருக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு கேமராவே வாங்கிவிடலாமே." அடுப்பில் இருந்த முள்ளுக் கத்தரிக்காயைவிட அந்தப் பேச்சுதான் அன்று அதிகமாக வதங்கியது.

கைப்பையில் அடங்க வேண்டும் என்றாள் மனைவி. மகளுக்கு வீடியோ நன்றாக வர வேண்டும். அம்மாவின் கோரிக்கை வேறு மாதிரி. "ஆதார் அட்டையில் இருப்பது நானே இல்லை. நான் நானாக இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்கிற படம்."

குடியாத்தத்திலிருந்து வந்திருந்த மாமனார் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "எதை எடுக்கப் போகிறீர்கள், மாப்பிள்ளை?"

"எல்லாவற்றையும்தான் மாமா."

"எல்லாவற்றையும் எடுக்கிறவனுக்கு ஊரில் வேறு பெயர்."

அவர் 36 படம் எடுக்கும் ஒரு பிலிம் சுருளைப் பொங்கலில் போட்டுத் தீபாவளியில் கழற்றிய காலத்து மனிதர். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கான வட்டியைப் பிறகு கட்டினேன்.

கடையின் பெயர் வேண்டாம். விற்பனையாளர் தம்பி கேமராவை எடுத்துக்கொண்டு என்னை வாசலுக்கே அழைத்து வந்துவிட்டார். "அந்த மலையைப் பாருங்கள் சார்" என்றார். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். மரம் இல்லாததால்தான் எல்லாம் நடந்தது. வெறும் கண்ணுக்குப் பாறைமேல் ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் பொத்தானை அழுத்த, லென்ஸ் முறுக்குக் குழலிலிருந்து மாவு வருவதுபோல நீண்டுகொண்டே போனது. புள்ளி ஆடாயிற்று. ஆட்டுக்குத் தாடி முளைத்தது. இடது காது நுனியில் ஒரு கிழிசல். மெல்லுவதற்கு ஒரு புல்லும் இல்லாத இடத்தில் எதையோ மென்றபடி அது என்னையே பார்த்தது.

"60 மடங்கு ஜூம் சார். முழுக்க ஆப்டிகல்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. லென்ஸே நகர்ந்து உருவத்தைப் பெரிதாக்குவது ஆப்டிகல். டிஜிட்டல் ஜூம் என்பது நடுத்துண்டை வெட்டி இழுத்துப் பெரிதாக்கும் தையற்காரர் வேலை. வேலூர் வெயிலில் பின்பக்கத் திரையில் நம் முகம்தான் தெரியும் என்பதால், கண் வைத்துப் பார்க்கும் வ்யூபைண்டரும் அதில் இருந்தது. இருட்டில் எப்படி எடுக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போட்டோகிராபர் கேட்டதைப்போல இரண்டு மடங்கு கொடுத்து வாங்கி வந்தேன். ஆட்டைப் பார்த்துக் கேமரா வாங்கியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கிரகப்பிரவேசம் விடியற்காலை 4.30 மணிக்கு. கூடத்தில் ஒரே ஒரு பல்பு, நடுவில் ஹோமப் புகை. புகைக்குப் பயந்து கடைசி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அதுதான் ஜூம் இருக்கிறதே! பசு வாசற்படி தாண்டியது, அம்மா நிறைகுடத்தோடு வலது காலை எடுத்து வைத்தாள், இருந்த இடத்திலிருந்தே இழுத்து இழுத்து எடுத்தேன்.

விடிந்ததும் டிவியில் போட்டுப் பார்த்தோம். பசுவுக்கு மூன்று வால். அம்மாவின் முகத்தில் யாரோ ரவையைக் கொட்டியிருந்தார்கள். புரோகிதர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மேகம். அதே நேரத்தில் அக்கா மகள் போனில் எடுத்த படங்கள் பளிச்சென்று இருந்தன. அந்தப் போன் இருட்டில் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, சேர்த்துத் துலக்கிவிடுகிறதாம். நான் கேட்காமலேயே அவள் விளக்கினாள்.

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. நான் பிரிக்காமல் வைத்திருந்த கையேட்டைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, தரையில் சிதறியிருந்த அட்சதையில் இரண்டு மணிகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் ஒட்டினாற்போல் வைத்தார்.

"உங்கள் கேமராவின் சென்சார் இவ்வளவுதான், மாப்பிள்ளை."

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நீளம் 6.17 மில்லிமீட்டர், அகலம் 4.55. நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த 20 மெகாபிக்சல், அதாவது 2 கோடிப் புள்ளிகள், அந்த இரண்டு அரிசி மணிக்குள்தான் பண்டிகை நாள் பொதுப்பெட்டிபோல நெருக்கியடித்து நிற்கின்றன. நல்ல வெயிலில் எல்லோருக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. இருட்டில் ஆளுக்கு ஒரு துளிகூடத் தேறவில்லை, அதுதான் ரவை. போதாக்குறைக்கு ஜூமை இழுக்க இழுக்க லென்ஸின் திறப்பு எஃப் 3.3-லிருந்து 6.5-க்குப் போகிறது. எண் பெருக்கப் பெருக்க ஜன்னல் சிறுக்கும். இந்தக் கணக்கில் உள்ளே வரும் வெளிச்சம் கால் பங்கு. அதை ஈடுகட்ட, வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்ததால்தான் பசுவுக்கு அத்தனை வால்.

"நான்கு அடி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கலாம்" என்றார் மாமனார். புகை என்றேன். "பசுவே வந்தது" என்றார்.

அம்மா கேட்ட படத்துக்கும் அவரே கணக்குப் போட்டார். அலமாரியில் வைக்கிற 4-க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி போதும். மிச்சம் 1 கோடியே 78 லட்சத்துச் சொச்சத்தை நான் ஆட்டுக்காக வாங்கியிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, வீட்டாருக்குத் தெரியாமல் (தெரிந்துதான் இருந்தது) யாரோ பயன்படுத்திய கேமரா ஒன்றை மலிவாக வாங்கினேன். சென்சார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர், பரப்பில் பழையதைப்போல 13 மடங்கு. கூடவே எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதில் ஜூமே கிடையாது. ஆள்தான் எழுந்து நடக்க வேண்டும். கைப்பைக்குள் போகாது என்பதை மனைவி இன்றுவரை நினைவூட்டுகிறாள்.

அம்மாவைச் சமையலறை ஜன்னலோரம் உட்காரவைத்துக் காலை வெளிச்சத்தில் எடுத்தேன். பல்லைத் துருத்தாமல், கண்ணை மூடாமல், நெற்றி விபூதியின் மூன்று கோடும் தனித்தனியாகத் தெரிய, அம்மா அம்மாவாகவே இருந்தாள். அச்சுப்போட்டுக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு கிழவியாகவா இருக்கிறேன்?" என்றாள். அலமாரியில் வைத்தாள், ஆனால் மல்லித்தூள் டப்பாவுக்குப் பின்னால்.

ஆடு காட்டிய கேமராவை விற்றுவிடலாம் என்று தேடினால் வீட்டில் காணோம். மொட்டை மாடிக்குப் போனேன். அம்மா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாள். லென்ஸ் முழு நீளத்துக்கு நீண்டிருந்தது. படம் பதிகிற மெமரி கார்டை எப்போதோ மகள் உருவிக்கொண்டு போய்விட்டாள். அது இல்லாதது அம்மாவுக்குத் தெரியவும் இல்லை, தேவைப்படவும் இல்லை.

"முக்குப் பிள்ளையார் கோயிலைத் தாண்டிவிட்டது" என்றாள், கண்ணை எடுக்காமலே. "லாரியில் தண்ணீர் ததும்புகிறது பார். போய்க் குடத்தை எடு."