மடக்கி எடுத்த அளவு

இடது கை மடங்கவில்லை.

மூன்று வாரம் உழைத்துச் செய்த கைக்கவசம் அது. மேற்கைக்கு ஒரு குழல், முன்கைக்கு ஒரு குழல், நடுவில் முழங்கைக்குக் கிண்ணம் போலக் குழித்த ஒரு தகடு, அந்தக் கிண்ணத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு விரல் அகலப் பட்டைகள். எல்லாவற்றையும் ரிவெட் ஆணி அடித்துக் கோத்து, வாரை இறுக்கிக்கொண்டு, கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கையைத் தொங்கவிட்டபடி பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு மூக்கு அரித்தது. கையை மடக்கினேன். பாதி வழியில் 'கடக்' என்று நின்றுவிட்டது. மாவுக்கட்டுப் போட்டவளைப் போல இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு வலது கையால் மூக்கைச் சொறிந்தேன்.

பகலில் நான் கணக்கு எழுதுகிறவள். சனி, ஞாயிறுகளில் 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரர்கள் அணிந்த தகட்டுக் கவசத்தைப் படங்களைப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறேன். ஆறு வருடமாகிறது. "யாரோடு சண்டை?" என்று கேட்காதவர்கள் இல்லை. யாரோடும் இல்லை. அருங்காட்சியகப் படம் ஒன்றில் முழங்கால் கவசத்தைப் பார்த்தேன். பளபளக்கும் முன்தகட்டைவிட, அதன் இரு பக்கமும் மொட்டு மொட்டாக இருந்த ஆணிகளில்தான் கண் நின்றது. அந்த ஆணி அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று தொடங்கியது, இன்றைக்கு வீட்டில் நான்கு சுத்தியல், ஒரு தகடு வெட்டும் கத்தரி, எண்ணிலடங்காத அரங்கள் என்று வந்து நிற்கிறது.

கர்ணனுக்குக் கவசம் உடம்போடு ஒட்டிப் பிறந்தது. அவன் வளர வளர அதுவும் வளர்ந்திருக்க வேண்டும். யாரும் அவனுக்கு அளவெடுத்ததாகத் தெரியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அளவெடுத்தாக வேண்டும். பழந்தமிழில் கவசத்துக்கு மெய்ம்மறை என்று ஒரு சொல் உண்டு. மெய்யை மறைப்பது. மறைப்பது பெரிய காரியமே அல்ல, பீப்பாய்க்குள் உட்கார்ந்தாலும் மெய் மறைந்துவிடும். மறைத்த பிறகும் அந்த மெய் குனிய வேண்டும், குதிரை ஏற வேண்டும், வாளை ஓங்க வேண்டும். மிலான், நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க் நகரத்துப் பட்டறைகள் பேர் வாங்கியது அந்த இடத்தில்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர், "அவர்களைப் பளு தூக்கும் பொறி வைத்துத்தானே குதிரைமேல் ஏற்றினார்கள்?" என்பார். கட்டுக்கதை. போர்க்களத்துக்கான முழுக்கவசம் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ வரைதான் இருக்கும். அதுவும் தோளில் மட்டும் தொங்காமல் இடுப்பு, தொடை, கால் என்று பிரிந்து உட்காரும். இன்றைய படைவீரர் முதுகில் சுமக்கும் மூட்டை பல நேரம் இதைவிடக் கனம். குதிரைமேல் வந்து மோதுகிற ஈட்டிப் போட்டிக்கென்று தனியாகச் செய்த கவசங்கள் கனமானவை என்பது உண்மை. அவற்றை அணிந்தவர்கள் நாளெல்லாம் நடக்க வேண்டியதில்லை.

நான் முதலில் செய்தது தகட்டுச் சட்டை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதையே சொல்வேன். 1361ஆம் ஆண்டில், இன்று ஸ்வீடனைச் சேர்ந்த காட்லாந்து தீவில், விஸ்பி நகரச் சுவருக்கு வெளியே டென்மார்க் படையோடு மோதி மாண்டவர்களில் பலரைக் கவசத்தோடேயே குழிகளில் புதைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது துணியும் தோலும் மக்கிப்போய், அவற்றின் உட்புறம் ரிவெட் அடித்திருந்த தகடுகள் மட்டும் எலும்புக்கூட்டைத் தழுவிக்கொண்டு கிடந்தன. அந்த வகைச் சட்டையில் தகடுகள் ஏறக்குறையத் தட்டையானவை. லேசாக வளைத்து, ஓட்டை போட்டு, தோலில் அடித்தால் சட்டை ஆகிவிடும். மடங்குகிற வேலையெல்லாம் தோல் பார்த்துக்கொள்ளும். என் முதல் வெற்றி தோலுடைய வெற்றி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முழங்கைக் கிண்ணம் வேறு சாதி. 16 கேஜ் தகடு, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம், மைல்டு ஸ்டீல். அதைக் குழிப்பதற்கு ஒரு அடிமரத் துண்டு வைத்திருக்கிறேன். மேல் முகத்தில் உள்ளங்கை அளவுக்குக் குழி செதுக்கியது. தகட்டைக் குழிமேல் வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் விளிம்புப் பக்கமிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து அடி விழக் கூடாது. முதல் சுற்றில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இரண்டாம் சுற்றில் விளிம்பு பாவாடைச் சுருக்கம் போல நெளியத் தொடங்கும். அந்த நெளிவை அவ்வப்போது தட்டி அமுக்கிவிட வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவைத்தால் அது மடிப்பாக விழும், மடிப்பு விழுந்த இடத்தில் பின்னால் விரிசல் வரும். என் பெட்டியில் அப்படி மடிப்பு விழுந்த கிண்ணங்கள் ஐந்து இருக்கின்றன. ஒன்றில் திருகாணிகள் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக் குழிக்கும்போது நடுப்பகுதி இழுபட்டு மெலிந்துபோகிறது. அடி விழப்போவதும் அந்த நடுவில்தான். அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்கள் இரும்பைக் காய்ச்சி, குமிழ் போன்ற பட்டடைமேல் கவிழ்த்து, வெளிப்புறமிருந்து அடித்து எழுப்புவார்கள். அந்த முறையில் விளிம்பு சுருங்கித் தடிக்கும், நடு மெலியாது. எனக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை.

அடிக்க அடிக்க இரும்பு இறுகும். இறுகியதைச் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் மறுபடி இளகும். இதை மட்டும் படித்துவிட்டு, முதல் வருடம், கையில் கிடைத்த தகட்டை எடுத்து அடுப்பில் வைத்தேன். அது துத்தநாகம் பூசிய தகடு. வெள்ளையாகப் புகை வந்தது, பஞ்சு போல ஏதோ பறந்தது, எனக்கு வேடிக்கையாக இருந்தது. அன்று இரவு குளிர் நடுக்கம், காய்ச்சல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போன்ற பாரம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. துத்தநாகப் புகைக்கென்றே அப்படியொரு காய்ச்சல் உண்டு என்று மருத்துவர் சொன்னார், சொன்ன விதத்தில் என் அறிவைப் பற்றியும் ஏதோ சொன்னார். பூச்சுள்ள தகட்டை நெருப்பில் காட்டாதீர்கள். இந்தப் பதிவில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

குழித்த பிறகு வருவது சமன் தட்டுதல். எனக்கு மிகவும் பிடித்த வேலை, கீழ்வீட்டுப் பெரியவருக்கு மிகவும் பிடிக்காத வேலை. அவர் மதியத் தூக்கம் முடிந்து எழுகிற நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு நிறுத்திவிடுகிறேன் என்று உடன்படிக்கை. பட்டடைமேல் தகடு சரியாகப் படிந்திருந்தால் சுத்தியல் 'டிங்' என்று தெளிவாகச் சொல்லும். கீழே காற்று இருந்தால் 'டொப்' என்று அழும், புதிதாக ஒரு பள்ளமும் விழும். கண்ணைவிடக் காதுக்குத்தான் இங்கே வேலை அதிகம். காது கெடாமலிருக்கக் காதடைப்பானும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது வேறு. அடைப்பானுக்குள் கேட்கிற அந்தச் சன்னமான 'டிங்' பழக ஒரு வருடம் ஆனது.

சரி, மடங்காத கைக்கு வருகிறேன்.

அம்மா வந்திருந்தாள். நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவள். "இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை" என்று தன்னையே கேலி செய்துகொண்டு, என் பட்டறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நான் கையை மடக்கிக் காட்டினேன். 'கடக்.' மறுபடி 'கடக்.' கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அளவெடுக்கும்போது கையை நீட்டியிருந்தாயா, மடக்கியிருந்தாயா?"

நீட்டித்தான் இருந்தேன். யாராக இருந்தாலும் நீட்டித்தான் இருப்பார்கள்.

பையிலிருந்து டேப்பை எடுத்தாள். தோள் நுனியிலிருந்து முழங்கை வெளிப்புறம் வழியாக மணிக்கட்டு வரை, நீட்டிய கையில் 54 சென்டிமீட்டர். மடக்கச் சொன்னாள். 58. அந்த நான்கு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று நான் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குள் முழங்கையின் உட்புற மடிப்பில் விரலை வைத்து அழுத்தி, "இங்கே அதே அளவு குறைந்திருக்கும். துணி என்றால் கசங்கிக்கொள்ளும். உன் இரும்பு கசங்குமா?" என்றாள்.

கசங்காது. அதனால்தான் மேற்கைக் குழலின் உள் விளிம்பும் முன்கைக் குழலின் உள் விளிம்பும் முட்டிக்கொண்டு நின்றன. நான் இரண்டையும் சுற்றிவர ஒரே உயரத்தில் வெட்டியிருந்தேன், தண்ணீர்க் குழாயை வெட்டுவது போல. ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்த படங்களை அன்றிரவு மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாக் குழல்களிலும் உள்பக்கம் பிறை போல வளைத்து வெட்டியிருக்கிறது. அழகுக்காக என்று நினைத்திருந்தேன்.

பிறை வெட்டினால் அங்கே சதை திறந்து கிடக்குமே என்று கேட்பீர்கள். கிடக்கும். அதை, சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையச் சட்டைத் துண்டு வைத்து மூடுவார்கள். மூட மனமில்லாமல் இரும்பாலேயே தீர்த்த இடமும் உண்டு. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு 1520ஆம் ஆண்டில், தரையில் நின்று சண்டையிடும் போட்டிக்காகச் செய்த கவசம் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். முழங்கையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், ஏன், உட்காருகிற இடம்கூடக் குறுகிய பட்டைகளால் மூடியிருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளிவருகிற மாதிரி. கடைசி நேரத்தில் போட்டி விதிகளை மாற்றிவிட்டதால் அதை முடிக்காமலேயே விட்டுவிட்டார்கள். முடிக்காத வேலையே அப்படி.

அம்மா அடுத்து சாக்குக்கட்டியை எடுத்தாள். நீல நிறம். முழங்கையின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பு முடிச்சில் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டு, கையை மடக்கு, நீட்டு, மடக்கு என்றாள். தோலில் மற்ற இடமெல்லாம் இழுபட, அந்த இரண்டு புள்ளிகள் மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றன. என் பக்கவாட்டு ரிவெட்டுகள் அந்தப் புள்ளிகளிலிருந்து ஒரு விரற்கடை மேலே இருந்தன. அதிலும் ஒன்று மற்றதைவிடச் சற்று முன்னால். கதவின் இரண்டு கீல்களையும் ஒரே கோட்டில் வைக்காவிட்டால் கதவு என்ன செய்யும்? அதைத்தான் என் கையும் செய்துகொண்டிருந்தது. படத்தில் பார்த்த அந்த மொட்டு ஆணி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு, என் தோலில் நீலச் சாக்கில் பதில் இருந்தது.

ரிவெட்டுகளின் தலையைத் தேய்த்தெடுத்து, தட்டி வெளியே தள்ளி, பட்டைகளைப் பிரிப்பதற்கு ஒரு மாலை போய்விட்டது. புதிய பட்டைகளை உடனே இரும்பில் வெட்ட அம்மா விடவில்லை. முதலில் தடித்த அட்டையில் வெட்டி, காகிதம் கோக்கும் பித்தளைக் கவ்விகளால் பூட்டிப் பார்த்தோம். அட்டையில் மடங்காதது இரும்பிலும் மடங்காது. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் அளவை நான் ஒரு சென்டிமீட்டர் வைத்திருந்தேன்; முழுக்க மடக்கியபோது முழங்கைப் பக்கம் இடைவெளி வாய் திறந்தது. இரண்டாக்கினோம். அட்டையில் மூன்றுமுறை தப்பு செய்தேன், அம்மா இரண்டுமுறை. அவளுடைய இரண்டையும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

நடுவே மார்புக்கவசத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெண்பிள்ளைக்கு இதில் டார்ட் எங்கே பிடிப்பாய்?" என்று கேட்டாள். மார்புக்கு இடம் விடத் துணியை மடித்துத் தைப்பதைத்தான் டார்ட் என்பாள். தேவையே இல்லை என்றேன். அந்தக் காலத்து மார்புக்கவசம் யாருக்கானாலும் முன்பக்கம் புடைத்துத்தான் இருக்கும், உள்ளே வெற்றிடம் இருக்கும், அந்தப் புடைப்பில் ஈட்டி வழுக்கி விலகிப்போகும். வேடிக்கைப் படங்களில் வரைவது போல இரண்டு கிண்ணம் வைத்து அடித்தால், வருகிற முனை நேராக நெஞ்செலும்பு நடுவில் போய் நிற்கும். "அப்படியானால் இது சௌகரியம்தான்" என்று கீழே வைத்தாள். வைத்த இடத்தில் அவள் கட்டைவிரல் ரேகை பதிந்தது. நான் எண்ணெய் போட்டுத் துடைக்க மறந்துபோனேன். நான்கு நாள் கழித்து அந்த ரேகை செம்பழுப்புத் துருவாக, சுழி சுழியாக, எழுந்து நின்றது. இதுவரை தேய்க்கவில்லை.

கை இப்போது மடங்குகிறது. மடக்கும்போது பட்டைகள் வரிசையாக 'சிரிக் சிரிக்' என்று நகர்ந்து, கட்டைவிரல் தோளைத் தொடுவதற்கு இரண்டு அங்குலம் முன்னால் நிற்கிறது. மூக்கைத் தாராளமாகச் சொறியலாம். மூன்றாவது முயற்சியில் ஒரு ரிவெட்டை இறுக்கமாக அடித்துவிட்டேன். அதைக் கொஞ்சம் ஆட்டித் தளர்த்த வேண்டியிருக்கிறது. இறுக்கி அடிப்பதற்கும், சுழலுகிற அளவுக்கு மட்டும் அடிப்பதற்கும் நடுவே இரண்டு தட்டுதான் வித்தியாசம். பலமுறை அந்த இரண்டு தட்டை நான் தட்டிவிடுகிறேன். இப்போது இடையில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி அடித்துவிட்டு, பிறகு உருவிவிடுகிறேன்.

இந்தக் கவசமெல்லாம் சும்மா உடம்பின்மேல் போடுவதல்ல. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை வேண்டும், அதிலிருந்து தொங்கும் கயிறுகளில்தான் கைத் தகடுகளைக் கட்டுவார்கள். அதை அம்மா தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டாள். கை நுழைகிற ஆம்ஹோலைப் பெரிதாக வெட்டினால் கை தூக்க வசதி என்று நான் யோசனை சொன்னேன். அவள் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பெரிதாக வெட்டினால் கை தூக்கும்போது சட்டையே மேலே ஏறுமாம், சிறிதாக அக்குளோடு ஒட்டி வெட்டினால்தான் கை மட்டும் தனியாக எழுமாம். அந்தக் காலத்து மெத்தைச் சட்டைகளில் ஆம்ஹோல் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "தெரிந்தவன் வெட்டியிருக்கிறான்" என்றாள்.

வலது கை இன்னும் பழைய அளவிலேயே கிடக்கிறது. அதையும் பிரிக்க வேண்டும். இடது கையின் அட்டையை அப்படியே திருப்பி வைத்து வெட்டிவிடலாம் என்று பார்த்தால், சுத்தியல் பிடிக்கிற கை அல்லவா, மேற்கைச் சுற்றளவு முக்கால் அங்குலம் கூடுதல். அம்மா அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"அடுத்தது முழங்காலா?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்படியானால் உட்கார்."

டேப் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.