ஆற்றை மாடு?

1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு ஸ்கந்தபுரம் பக்கம் வந்தபோது நான் ஆண்டு எட்டு. கிடுகுக் கொட்டில் வகுப்புகளைப் பற்றியும் போத்தல் விளக்கில் படித்ததைப் பற்றியும் எங்கள் சங்கத்தின் இந்தச் சிறப்பு மலரில் வேறு ஆராவது கட்டாயம் எழுதியிருப்பார்கள். நான் இங்கிலிஸ் சேரின் வெள்ளிக்கிழமைச் சோதனையோடு நிற்கிறேன்.

கொப்பிக்குத் தட்டுப்பாடு. ஒரு ஒற்றையை நாலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. கரும்பலகையில் பத்து வசனம், பத்திலும் பிழை, திருத்தி எழுத வேண்டும். 'ஷீ கோ ரு ஸ்கூல்' மாதிரி முதல் மூன்றும் லேசு. அதற்குப் பிறகுதான் சனி தொடங்கும்.

சேர் சிவப்பால் வெட்டமாட்டார். சிவப்புப் பேனை கிடைக்காததும் ஒரு காரணம்தான். பென்சிலால் வினையைச் சுற்றி வட்டம் போட்டு, ஒரு கோட்டை இழுத்து அந்தரத்தில் விட்டிருப்பார். துண்டோடு முன்னால் போனால் ஒரே கேள்வி: "இது ஆற்றை மாடு?" ஆருடைய மாடு என்று கேட்கிறார்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காட்டில் மேயும் மாடு எந்தப் பட்டி என்று அறிய, அதில் சுட்டிருக்கும் குறியைப் பார்ப்போம். பக்கத்தில் நிற்கிற மாட்டைப் பார்ப்பதில்லை. வினையும் அப்படித்தான், அது எந்தப் பெயருக்குச் சொந்தம் என்று பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்கிற பெயரை அல்ல. 'த பிரைஸ் ஒஃப் பற்றரீஸ் ஹாவ் கோன் அப்' என்று ஒருநாள் எழுதிப்போட்டார். பற்றரி வன்னிக்குள் வரத் தடையிருந்த காலம், வசனம் தானாக வந்திருக்கும். எங்களில் பலர் அதைத் தொடவேயில்லை. 'பற்றரீஸ்' பன்மை, வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, வேறென்ன வேண்டும்? "ஏறினது பற்றரியோ விலையோ?" என்றார். விலை. விலை ஒன்று. அப்ப 'ஹாஸ்'.

நிகழ்காலத்துக்கு இன்னொன்று சொன்னார்: 'எஸ்' என்ற குறி ஒன்றுதான், பெயரில் சுட்டால் வினையில் சுடாதே. 'கௌஸ் ஈற்', 'கௌ ஈற்ஸ்'. 'சில்ரன்' மட்டும் குறி சுடாமலே பட்டியாக நிற்கும் என்பார். பிழைக்கு எங்கள் வாயும் காரணம் என்பது அவருடைய கட்சி. 'மாடுகள் வந்தது' என்று பேசிவிட்டு, எழுதும்போது மட்டும் 'வந்தன' என்கிற ஆட்கள் நாங்கள். அதனால் அவருடைய பாடத்தில் பாதி நேரம் தமிழ் இலக்கணம்தான் நடக்கும். தமிழ் ரீச்சருக்கு இது பிடிக்காது, அது வேறு கதை.

என்னுடைய துண்டு ஒன்று வகுப்பு முழுக்கச் சுற்றியது. 'மை ஃபாதர் ஆர் எ ஃபாமர்' என்று எழுதியிருந்தேன். கவனக்குறைவு இல்லை, யோசித்து எழுதியது. அப்பா வந்தார், அப்பா போனார் என்கிறோம்; 'வந்தான்' என்றால் வாயில் அடி விழும். 'இஸ்' எனக்கு 'வந்தான்' போலத்தான் கேட்டது. இரணைமடுத் தண்ணியில் வயல் செய்த மனிசன், காணியும் போய் நிற்கிற நேரத்தில் அவருக்கு 'இஸ்' போட மனம் வரவில்லை.

சேர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "எலிசபெத் மகாராணிக்கே 'இஸ்' தானடா. உன்ரை அப்பாவுக்கென்ன?"

பின்வாங்கில் இருந்து ஒருத்தி கேட்டாள், அப்ப 'யூ' வந்தால் ஏன் சேர் நாய்க்கும் 'ஆர்'? அன்றைக்கு மணி அடித்த பிறகும் நாங்கள் எழும்பவில்லை. முந்தி ஒருவரைக் கூப்பிட 'தௌ', பலரைக் கூப்பிட 'யூ' என்று இருந்ததாம். மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, கடைசியில் 'தௌ' வழக்கிலிருந்தே போய்விட்டதாம். எங்கள் 'நீங்கள்' மாதிரித்தான். "முன்னால நிக்கிற ஆளுக்குப் பன்மை, அங்கால போனால் ஒருமை. உங்களைப் போலத்தான், எனக்கு முன்னால 'சேர்', வெளியில போய் என்ன சொல்லுறியள் எண்டு எனக்குத் தெரியும்." உண்மையில் நாங்கள் அவரை 'மாடு சேர்' என்றுதான் சொல்வோம். தெரிந்திருக்கிறது.

இந்த மலரின் ஆங்கிலச் செய்தியைச் சரிபார்க்க என்னிடம் தந்தார்கள். 'த கொமிற்றி ஆர்' என்று இருந்தது. 'இஸ்' என்று மாற்றினேன். லண்டனில் பிறந்த இளம் செயலாளர், "அங்கிள், இங்கே ரெண்டும் சரி" என்று பழையபடி ஆக்கி அனுப்பினார். அவர் சொன்னதும் சரிதான், கூட்டத்தை ஒன்றாகப் பார்த்தால் 'இஸ்', ஆட்களாகப் பார்த்தால் 'ஆர்' என்பது இங்கத்தைய வழக்கம். எங்கள் கூட்டங்களில் நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்தால் 'ஆர்' தான் பொருத்தமும்கூட. இருந்தாலும் அச்சுப் பிரதியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, கோடு இழுத்து, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.