கடைசியாக எப்போது ரத்து செய்தீர்கள்?

நியூ ஜெர்சியில் ஒரு சிறு விமான நிலையத்தில் பறக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு தொழில் செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் சொந்தச் செலவில் பறப்பவர்கள். புதிதாக உரிமம் வாங்கியவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பயந்து பயந்து செக்லிஸ்டை வரி விடாமல் படிப்பார்கள். சில நூறு மணி நேரம் பறந்து, கை பழகிவிட்டவர்கள் மீதுதான் ஒரு கண் வைத்திருப்பேன்.

நாங்கள் ஓட்டும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் எரிபொருள் டேங்க் இறக்கைக்குள் இருக்கிறது, இறக்கையோ தலைக்கு மேலே. ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எரிபொருள் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் கீழே தங்கும். பழகியவர் ஏற மாட்டார். கேட்டால், "நேற்றுதானே நிரப்பினார்கள், எரிபொருள் அளவைக் காட்டும் முள்ளும் காட்டுகிறதே" என்பார். முள்ளை மட்டும் நம்பக் கூடாது என்பது அவரும் படித்ததுதான். ஆனால் ஏறிப் பார்க்காத ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டாரே! தப்பித்ததை எல்லாம் மனம் திறமைக் கணக்கில் எழுதிவிடுகிறது. போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்க எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. நாளடைவில் அந்த மிச்சத்திலும் கை வைக்கத் துணிவு வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் யாரும் மறக்காத விபத்து 1999 ஜூலை 16 இரவு நடந்தது. முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், மனைவியையும் அவருடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டு எசெக்ஸ் கவுண்டி விமான நிலையத்திலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குக் கிளம்பினார். உறவில் ஒரு கல்யாணம். அந்த வழி அவருக்கு நன்றாகப் பழக்கம். மொத்தம் சுமார் 310 மணி நேரம் பறந்திருந்தார். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியை இன்னும் வாங்கியிருக்கவில்லை. உடன் வரத் தயார் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னதும், தனியாகவே ஓட்ட விரும்புவதாக அவர் பதில் சொன்னதும் விசாரணை அறிக்கையில் இருக்கின்றன. கடலுக்கு மேல் மங்கலான மூட்டம், இருட்டு. அடிவானம் தெரியாத இடத்தில் விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பினால், உட்காதில் உள்ள திரவம் சீக்கிரமே அதற்குப் பழகிவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். உயரம் குறைகிறதே என்று பிடியைப் பின்னால் இழுத்தால் வட்டம் இன்னும் இறுகும். அவர் விமானம் அப்படித்தான் கடலில் விழுந்தது. மூவருமே இறந்துபோனார்கள்.

அவரை அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டப்படி அன்று அவர் பறக்கலாம். விதி அனுமதித்துவிட்டால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை என்ற நினைப்புதான் என்னைப் பயமுறுத்துகிறது.

இங்கே ஒவ்வொரு விமானியும் 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரிடம் வந்து குறைந்தது ஒரு மணி நேரம் தரையிலும் ஒரு மணி நேரம் வானிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். தரையில் நான் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது பயணத்தை ரத்து செய்தீர்கள்?" என்பதுதான். ஒருவர் சொன்னார்: "பாஸ்டனில் மகளுக்குப் பட்டமளிப்பு. மேகம் தாழ்வாக இருந்தது. ரயிலில் போய்விட்டோம்." கேட்கவே நிம்மதியாக இருந்தது. இன்னும் சிலர் யோசித்துவிட்டு, "அப்படி ஒரு நிலைமை எனக்கு வந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி, அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதாது. அவர்கள் பறந்த பயணங்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பயணத்தின்போதும் வானிலை எப்படி இருந்தது, எவ்வளவு எரிபொருள் மிஞ்சியது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.