நுவரெலியாவில் மாவு புளிக்காது: மலையகத்தில் முதல் விசேஷம் வைக்கிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கென்றோ கல்யாணம் கட்டியோ இலங்கை மலையகத்துக்குக் குடிவருகிறவர்கள் முதல் விசேஷத்தில் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பேச்சு புரிகிறது, மாரியம்மன் அதே மாரியம்மன், மாமன் சீரும் மொய்யும் அங்கே விட்ட இடத்திலிருந்தே தொடருகின்றன. அதனால் திருச்சியில் நூறு பேருக்குப் போட்ட கணக்கையே இங்கேயும் போடுகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். இந்த உயரத்தில் மாவு புளிக்காது, சோறு சீக்கிரம் வேகாது, தப்பு மேளத்தின் தோல் இறுகி நிற்காது, காஸ் பாதியில் படுத்துவிடும். காதுகுத்தோ, பெண்பிள்ளைக்குச் சடங்கோ, இங்கே விமரிசையாகக் கொண்டாடும் இருபத்தோராவது பிறந்தநாளோ, அறுபதாம் கல்யாணமோ, எதுவானாலும் குளிரையும் ஈரத்தையும் முதலில் கணக்கில் எடுங்கள்.

முதலில் நாள். தோட்டத்து ஆட்கள் வரவேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை. அதிலும் பத்தாம் திகதிக்குப் பிந்திய ஞாயிறு. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதிதான் கைக்கு வரும். அதற்கு முந்திய வாரம் அழைத்தால், வெறுங்கையோடு வர மனமில்லாமல் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். போயா என்கிற பௌர்ணமி நாளும் விடுமுறைதான், ஆனால் அன்று மதுக்கடை மூடியிருக்கும், பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழியும். மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். அப்போது ஹட்டன் பக்கம் வாகனமும் அறையும் எடுப்பது பாடு. ஏப்ரலில் நுவரெலியா ‘சீசன்’, அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

மழையை மாதத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, மலையின் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்தை நனைத்துத் தள்ளும். அதே ஜூலையில் பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் கதை தலைகீழ், பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் கொட்டும். உறவுகள் இரண்டு பக்கமும் இருந்தால் பெப்ரவரி, மார்ச் யாருக்கும் மனத்தாங்கல் இல்லாத காலம்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ–9 வீதியில் ஏறக்குறைய 320 கிலோமீற்றர், அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் 77. ஒரே நாளில் இழுக்காமல் கண்டியில் ஓர் இரவு தங்கவையுங்கள். கொழும்பு வழியாக வருகிறவர்களுக்கு பதுளை ரயில்தான் பாதிக் கொண்டாட்டம். நுவரெலியாவுக்கு இறங்கும் நிலையம் நானுஓயா, அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் வீதி. முன்பதிவு 30 நாளுக்கு முன்பு திறக்கும், திறந்த அன்றே எடுக்காவிட்டால் ஒரே பெட்டியில் இருபது பேர் என்பது நடக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைப்பாதையைப் பல இடங்களில் பெயர்த்துவிட்டது. எந்த நிலையம் வரை ரயில் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே பத்திரிகை அடியுங்கள்.

வாகனம் பிடிக்கும்போது பெரிய பஸ்ஸுக்கு ஆசைப்படாதீர்கள். தோட்டத்து வீதியின் கடைசி மூன்று, நான்கு கிலோமீற்றரில் அது வளைவு எடுக்காது. ‘கே.டி.எச்.’ வான் இரண்டு, அல்லது ரோசா என்கிற சிறிய பஸ் ஒன்று போதும். வாந்தி எடுப்பவர்களையும் வயசானவர்களையும் முன் வரிசையில் உட்காரவையுங்கள், றம்பொடை வளைவுக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காதீர்கள். நானுஓயாவிலிருந்து இறங்கும் ரதல்ல குறுக்குப் பாதையில் சாரதி நேரம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். 2023 ஜனவரியில் ஏழு உயிர் போன பாதை அது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம், அதிகம் கெட்டுப்போவது இங்கேதான்.

காலைப் பலகாரம் இட்லி என்று முடிவெடுத்தால் 300 இட்லிக்கு ஆறு கிலோ அவித்த நாட்டரிசி, ஒன்றரைக் கிலோ உளுந்து. ஊரில் இரவு எட்டு மணிக்கு ஆட்டிவைத்தால் விடியப் பொங்கி நிற்கும். இங்கே இரவு பத்து, பன்னிரண்டு பாகைக்கு இறங்கும்; காலையில் திறந்தால் வைத்த அளவிலேயே, வைத்த மணத்திலேயே கிடக்கும். முந்திய நாள் காலை பத்து மணிக்கே ஆட்டி முடியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கையாலேயே கரைத்து, பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், அடுப்பு மேடைக்குப் பின்னால் கம்பளியால் சுற்றிவைக்க வேண்டும். பதினெட்டு, இருபது மணிநேரம் பிடிக்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே கூடிப்போனால் புளிப்பு இன்னும் தாமதிக்கும். சோடா மாவைக் கொட்டி ஒப்பேற்றலாம் என்பார்கள். இட்லி உப்பும், ஆனால் புளிப்பு இராது, நாக்கில் சவர்க்கார ருசி நிற்கும்.

இதைவிட நல்ல வழி, இந்த மலையில் பல தலைமுறையாகச் சாப்பிடுவதையே போடுவது: தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். புளிக்கவைக்கும் வேலையே இல்லை. 250 ரொட்டிக்கு 12 கிலோ கோதுமை மா, 25 தேங்காய். மாவில் சுடுதண்ணீர் தெளித்துப் பிசைந்தால் ஆறிய பிறகும் தோலாக இழுக்காது. ஊர் விருந்தாளிகள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், இரண்டாவது ரொட்டியை அவர்களே கேட்பார்கள்.

மத்தியானச் சோற்றில் இன்னொரு சிக்கல். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதி தெரியும், வேக்காடு தெரியாது. ஊர்ச் சமையல்காரர் கைப்பழக்கத்தில் வடித்தால் நடுவில் அரிசி நறுக்கென்று நிற்கும். அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கால்பங்கு நேரம் கூட்டி, மூடியின் மேல் பாரம் வைத்து வேகவிடுங்கள். கடலையை முந்திய இரவே ஊறப்போடவேண்டும், துவரம்பருப்பைக் குக்கரில் வைத்துவிடுவது நல்லது. நூறு பேருக்கு அரிசி 12 கிலோ, எலும்போடு கோழி 18 முதல் 20 கிலோ, மைசூர்ப் பருப்பு மூன்று கிலோ, தேங்காய் 30. மரக்கறிக்குக் கவலை இல்லை. கரட், லீக்ஸ், போஞ்சி (பீன்ஸ்), கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் பக்கத்துத் தோட்டத்திலேயே விளைகிறது, ஊரில் கிடைக்காத பச்சையோடு. ஆனால் வாழையிலை இந்தக் குளிரில் வளராது, நாவலப்பிட்டிப் பக்கமிருந்தோ மாத்தளையிலிருந்தோ ஏற்றிவர வேண்டும். பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017இலேயே தடையாகிவிட்டது.

எண்ணிக்கையில் ஒன்று. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லிவிட்டு வரமுடியாது. சொன்னால் வரிசை முழுவதற்கும் சொன்னதாகவே கொள்வார்கள், சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் பேச்சு நிற்கும். எழுதிய பெயருக்கு மேல் இருபது பேருக்கான சாப்பாடு கூட்டிச் சமையுங்கள்.

இருபத்தைந்து பேராகப் பந்தி வையுங்கள். எழுபது பேருக்கு ஒன்றாகப் பரிமாறினால் கடைசி ஆளுக்குக் கறி போடும்போது முதல் ஆளின் சோறு ஐஸ். அண்டாவைத் தணலிலிருந்து இறக்கவே கூடாது. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்குப் பார்க்காதீர்கள், ஒருவர் மூன்று முறை குடிப்பார். நூறு கோப்பைக்குத் தூள் கால் கிலோ, பால்மா ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட, சீனி ஒன்றரைக் கிலோ, மூன்றால் பெருக்குங்கள். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்திருக்கும், பொரிக்கும் நேரத்தில் தவிக்காமல் முதலிலேயே சுடுதண்ணீர் வாளியில் நிறுத்திவையுங்கள்.

பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றைப் பெரிய அடுப்பில் தொடர்ந்து எரித்தால் வெளிப்பக்கம் வியர்த்து, பிறகு வெண்பனி படியும். உள்ளே திரவம் இருந்தும் ஆவியாகாது, தீ சிறுத்துவிடும். காலி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இரண்டு சிலிண்டரை மாற்றி மாற்றிப் பூட்டுங்கள், ஓய்வில் இருப்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். சோற்றுக்கும் கோழிக்கும் கவ்வாத்து மிலாறு ஒரு வண்டி சொல்லிவிட்டால் இந்தப் பாட்டே இல்லை. தேயிலைக் குச்சி, நின்று எரியும். ஆனால் மழைக்கு முன்பே வாங்கிக் கூரைக்கடியில் அடுக்கிவைத்ததாக இருக்க வேண்டும்.

இனி வாத்தியம். பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் போதும் என்பது பட்டணத்து நினைப்பு. ஆள் இருந்து வாசிக்காத விசேஷத்தை இங்கே விசேஷமாக மதிக்கமாட்டார்கள்.

சீர் வரிசையை அழைத்துவரத் தப்புக் கோஷ்டி, நான்கிலிருந்து ஆறு பேர். பனியில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்து, ‘டங்’ என்று வரவேண்டிய ஒலி ‘தொப்’ என்று விழும். ஆகவே வாசலில் சிறு நெருப்பு வேண்டும். வைக்கோல் இங்கே கிடையாது. காய்ந்த மானாப்புல், அட்டைப்பெட்டித் துண்டு, எதுவானாலும் சட்டென்று பற்றி அணைவதாக இருக்கட்டும். தோல் முகத்தை நெருப்புக்கு ஓர் அடி தள்ளிப் பிடித்து, வட்டமாகச் சுழற்றிக்கொண்டே காய்ச்சுவார்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் பொருக்காகி, அடுத்த அடியில் கிழியும். இடது கையின் நீளச் சிண்டுக்குச்சியால் தட்டிப் பார்த்து, ஒலி கண்ணாடி போல் திரும்பினால் பதம். மூடுபனி நாளில் இதை மணிக்கு மூன்று, நான்கு முறை செய்யவேண்டியிருக்கும். “ஏன் நிறுத்திவிட்டார்கள்” என்று அவசரப்படுத்தாதீர்கள். என்ன விசேஷம் என்று முதல் நாளே சொல்லுங்கள், மங்கலத்துக்கு ஓர் அடி, துக்கத்துக்கு வேறு அடி. அவர்களைக் கடைசியில் பின்வாசலில் சாப்பிடவைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அசிங்கம். முதல் பந்தியில் உட்காரவையுங்கள்.

நாதஸ்வரம் குளிரில் சுருதி இறங்கிப் பேசும். குழலுக்குள் காற்று குளிர்ந்திருந்தால் ஒலியின் வேகம் குறைகிறது, அதுதான் காரணம். கால் மணிநேரம் உள்ளறையில் ஊதிச் சூடேற்றிய பிறகே மேடைக்கு வரட்டும். இசைக்குழுவின் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கப்போகிறார் என்றால் இதைத் தட்டவே முடியாது, இரண்டும் ஒட்டாமல் காதைக் குடையும்.

இசைக்குழுவுக்கு மின்சாரம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர், 230 வோல்ட், அதாவது ஏழு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. அம்ப்ளிபையரும் லைட்டும் ஓடும்போது சமையலறையில் இரண்டு கெட்டிலும் ஒரு ஹீட்டரும் போட்டால் பாட்டு நடுவில் ட்ரிப் ஆகும். இசைக்குழுவுக்கு ஜெனரேட்டர் தனி. ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முள் பிளக் இங்கே புதிய கட்டடங்களின் 13 அம்பியர் சதுர முள் துளைக்குள் போகாது, நான்கைந்து அடாப்டர் கையில் இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எழுத்தில் வேண்டும், இரவு பத்துக்குப் பிறகு கூடாது. ஆகவே பைலா என்கிற ஆட்டப்பாட்டை எட்டரைக்கே தொடங்கச் சொல்லுங்கள். கடைசியில் பைலா இல்லாமல் இந்த மலையில் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அறுபது வயது மாப்பிள்ளையையும் இழுத்து ஆடவைப்பார்கள்.

மொய் நோட்டுக்கு ஆள் ஒருவரை வாசலிலிருந்து தள்ளி உள்ளே உட்காரவையுங்கள். ஜெல் பேனா வேண்டாம், ஈரத்தில் மை கசிந்து தொகையும் பெயரும் ஒன்றாகிவிடும். பந்துமுனைப் பேனாதான் சரி. பெயர் மட்டும் எழுதினால் பயனில்லை, ஒரே தோட்டத்தில் ஐந்து ராமு இருப்பார்கள். தோட்டம், டிவிஷன், லயத்து இலக்கம் மூன்றையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் அவர் மகளுக்குச் சடங்கென்று பத்திரிகை வரும்போது தேடி எடுக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.